வாசல் தளத்தில் துருக்கறை: ஆசிட் ஊற்றலாமா?

3 நவம்பர் 2024, வாசகர் கேள்வி

சார், வீடு கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம். போர்ட்டிகோவில் சிமெண்ட் தளம், வாசல் படி கடப்பா கல், மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ். பூந்தொட்டி ஸ்டாண்டை நகர்த்தினால் நாலு கால் இருந்த இடத்திலும் துரு வட்டம். தீபாவளி முடிந்து மழை பெய்தபின் மாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிவப்பு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், போர்ட்டிகோ கறை முன்பைவிட அழுத்தமாகத் தெரிகிறது. கடையில் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

3 நவம்பர், இரவு

ஊற்ற வேண்டாம். படியில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

முதலில் பிளீச்சிங் பவுடர் விஷயம். அது அழுக்கு, பாசி, இலைக்கறை இவற்றின் நிறத்தை எடுக்கும். துரு என்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட இரும்பு. பிளீச்சிங் பவுடரும் ஆக்சிஜனேற்றம் செய்கிற பொருள்தான். அரைகுறையாகத் துருப்பிடித்திருந்த இரும்பையும் அது முழுத் துருவாக்கிவிடும். கறை அழுத்தமானது அதனால்தான், நீங்கள் தேய்த்ததில் குறை எதுவும் இல்லை.

அடுத்து கடை ஆசிட். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமெண்ட் பூச்சைப் போக்க மேஸ்திரிகள் ஊற்றுகிற அந்த மஞ்சள் திரவம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துருவைக் கரைப்பதற்குள் சிமெண்டைக் கரைத்துவிடும். நுரை பொங்குகிறதே, அது அழுக்கு போவதல்ல, உங்கள் தளம் போவது. மேல்பூச்சு போனதும் உள்ளே இருக்கும் மணல் வெளியே தெரியும். சொரசொரப்பான அந்தத் தளம் அடுத்த கறையை இன்னும் ஆழமாக உறிஞ்சும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு நிறமே கிடையாது. கடையில் விற்பது மஞ்சளாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் இரும்பே காரணம். துருக்கறையைப் போக்க இரும்பு கலந்த அமிலத்தை ஊற்றுகிறோம். ஆசிட் விட்டுக் கழுவிய சிமெண்ட் தளம் சில நாளில் பரவலாக மஞ்சள் பூத்து நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் மூன்று விதத் தளம் இருக்கிறது, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

3 நவம்பர், சற்று கழித்து

அவசரமாக ஒன்று. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எந்த அமிலத்தையும், எலுமிச்சையைக்கூட, உடனே விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்க்கும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் காய விடுங்கள்.

4 நவம்பர்

மாடிப் புள்ளிகள். இது வருடா வருடம் ஐப்பசியில் வருகிற கேள்வி.

கம்பி மத்தாப்பில் பொறி தெறிக்கிறதே, அது இரும்புத் தூள் எரிவது. புஸ்வாணத்திலும் இரும்புத் தூள் உண்டு. எரியாமல் விழுந்த துகள்கள் மாடியில் சிதறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழை தீபாவளியை ஒட்டியே வருவதால் இரண்டு நாளில் ஒவ்வொரு துகளும் ஒரு சிவப்புப் புள்ளியாகிவிடும். எரிந்து முடித்துத் தூக்கிப் போட்ட மத்தாப்புக் கம்பி நேர்கோடாகவே ஒரு கறை விட்டிருக்கும், தேடிப் பாருங்கள்.

கழுவுவதற்கு முன் காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தம் போதும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காய்ந்த தளத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். பையில் கருப்பாக ஒட்டும். பையை உள்புறம் வெளியாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்துவிட்டால் தூள் பைக்குள் தங்கிவிடும். இதைச் செய்யாமல் தண்ணீர் விட்டுத் தள்ளினால் மாடியில் இருந்த துகள் மழைநீர்க் குழாய் வழியாகக் கீழே போர்ட்டிகோவுக்குத்தான் வரும்.

முழுதாகத் துருவாகிவிட்ட துகளைக் காந்தம் சரியாக இழுக்காது. ஆகவே மத்தாப்பு கொளுத்திய மறுநாள் காலையே செய்வது நல்லது. இந்த வருடம் கொஞ்சம் தாமதம், இருந்தாலும் செய்யுங்கள்.

6 நவம்பர்

சிமெண்ட் தளத்துக்கு நான் நம்புவது ஆக்ஸாலிக் ஆசிட். ரசாயனக் கடைகளிலும் பெரிய ஹார்ட்வேர் கடைகளிலும் வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். பெயரில் ஆசிட் இருந்தாலும் வேலை செய்யும் விதம் வேறு. இரும்பைத் தேடிப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொண்டு தண்ணீரில் கரைந்துவிடும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 கிராம் அளவு. பிளாஸ்டிக் வாளி, இரும்புப் பக்கெட் கூடாது. முதலில் தளத்தை வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். காய்ந்த சிமெண்டில் ஊற்றினால் கரைசல் உள்ளே போய்விடும், மேலே வேலை செய்யாது. நனைந்த தளத்தில் கரைசலை ஊற்றி 15, 20 நிமிடம் விடுங்கள். வெயிலில் செய்யாதீர்கள், காய்ந்துபோகும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் ஓடுகிற தண்ணீர் லேசான பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அதுதான் இரும்பு வெளியேறுகிற அடையாளம். அப்புறம் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வேலையில் சோம்பல்பட்டால் சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அது தண்ணீரில் கரையாது.

கம்பி நார் போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். அதிலிருந்து உடைகிற இழை ஒவ்வொன்றும் அடுத்த வாரத் துரு.

இது விஷம். வாய்க்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்து. சர்க்கரை மாதிரி இருப்பதால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும். கழுவிய தண்ணீர் பூச்செடிப் பாத்திக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓரமாக ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் செய்து, காய்ந்தபின் பார்த்துவிட்டுத்தான் பெரிய இடத்துக்குப் போக வேண்டும்.

மாடியில் உள்ளது சுட்ட பீங்கான் வகை என்றால் அதற்கும் இதே கரைசல் போதும். துரு டைல்ஸ் முகத்தைவிட இணைப்புகளில்தான் அதிகம் தங்கும், அங்கே பழைய பல்துலக்கும் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். சில கூலிங் டைல்ஸ் சிமெண்டில் வார்த்தவை. அப்படியானால் சிமெண்ட் தளம் போலவே பாவியுங்கள்.

7 நவம்பர்

வீட்டில் இருக்கிற பொருளால் முடியாதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். புளி, எலுமிச்சை, குளிர்பானம்.

புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, பித்தளைக் குத்துவிளக்கைப் பளிச்சென்று ஆக்குவது அதுதான். ஆனால் வெளிர் சிமெண்டில் புளியின் சாறே பழுப்புக் கறை விடும். ஒரு கறைக்கு இன்னொரு கறை எதற்கு? கோலா வகைக் குளிர்பானத்தில் பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் உண்டு, லேசான துருவை எடுக்கும். கூடவே சர்க்கரையும் இருப்பதால் எறும்பு வரிசை கட்டும். எலுமிச்சையும் உப்பும் புதுக்கறைக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பெரிய இடத்துக்குப் பழம் வாங்கிக் கட்டுப்படியாகாது. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைப்பது சிட்ரிக் அமிலம்தான். லிட்டருக்கு 50 கிராம் கலந்து பயன்படுத்தலாம். ஆக்ஸாலிக் அளவுக்கு வேகம் இல்லை. அந்த அளவுக்கு விஷமும் இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் பிலிம்பிக்காய் மரம் வீட்டுக்கு வீடு உண்டு. துணியில் பட்ட துருக்கறையை அந்தக் காயை நசுக்கித் தேய்த்து எடுப்பார்கள். அதில் ஆக்ஸாலிக் அமிலம் ஏராளம். கடைச் சரக்கும் கொல்லைக் காயும் செய்வது ஒரே வேலை என்று தெரிந்தபோது எனக்கு அந்த மரத்தின் மேல் தனி மரியாதை வந்தது.

10 நவம்பர்

கடப்பா படி. இதற்காகத்தான் முதல் பதிலில் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

கருப்பாக இருப்பதால் கடப்பாவைக் கிரானைட் வகை என்று நினைப்பவர்கள் நிறைய. அது சுண்ணாம்புக்கல். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்திலிருந்து வருவதால் அந்தப் பெயர். சுண்ணாம்புக்கல் எந்த அமிலம் பட்டாலும் அரிக்கும். கடை ஆசிட் பட்ட இடம் சாம்பல் பூத்து வெளுக்கும். ஆக்ஸாலிக், சிட்ரிக், எலுமிச்சைச் சாறு எல்லாமே அதன் பளபளப்பைக் கெடுக்கும். மார்பிளுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் என்ன செய்வது? அமிலத்தன்மை இல்லாமல் இரும்பைப் பிடிக்கிற ஒன்று வேண்டும். சிட்ரிக் அமிலத்தைச் சமையல் சோடாவால் நடுநிலையாக்கினால் சோடியம் சிட்ரேட் கிடைக்கும். 100 கிராம் லெமன் சால்ட்டுக்குச் சுமார் 120 முதல் 130 கிராம் சோடா. பெரிய வாளியில், தண்ணீரில் கரைத்த லெமன் சால்ட்டில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பயங்கரமாகப் பொங்கும். இனிப் போட்டாலும் பொங்கவில்லை என்ற நிலை வந்ததும் நிறுத்திவிடலாம்.

இந்தக் கரைசலில் நாமக்கட்டி மாதிரியான வெள்ளைக் களிமண்ணைப் பொடித்துக் குழைத்து, கறை மேல் அரை அங்குலம் கனத்துக்கு அப்பி, மேலே பாலிதீன் போர்த்தி ஒரு இரவு விட வேண்டும். மறுநாள் போர்வையை எடுத்துக் காயவிட்டால், காய்கிற களிமண் கறையை மேலே இழுக்கும். உரித்து எடுத்துக் கழுவுங்கள். ஒரே தடவையில் போகாது, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முல்தானி மட்டி வேண்டாம். பழுப்பாக இருக்கிற மண்ணில் இரும்பு இருக்கும்.

பழைய, ஆழமான கறைக்கு இது மட்டும் போதாது. திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்று ஒரு வெள்ளைத் தூள் வைத்திருப்பார்கள், சோடியம் டைதயோனைட். வெல்லத்தை வெளுக்கச் சிலர் கலக்கிறார்களே, அதே சரக்கு. துருவில் உள்ள இரும்பு தண்ணீரில் கரையாத நிலையில் இருக்கிறது. ஹைட்ரோஸ் அதைக் கரைகிற நிலைக்கு மாற்றிவிடும், பக்கத்தில் சிட்ரேட் காத்திருந்து பிடித்துக்கொள்ளும். களிமண் குழம்பில் அப்புவதற்குச் சற்று முன் ஒரு ஸ்பூன் சேர்த்தால் போதும். ஈரம் பட்டு மூடி வைத்தால் இந்தத் தூள் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் கந்தக நெடி மூச்சை அடைக்கும். ஆகவே தேவையான அளவு மட்டும் வாங்கி, காற்றோட்டமான இடத்தில், கவனமாக வேலை செய்யத் தெரிந்தவர் செய்யட்டும்.

11 நவம்பர்

காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரி, முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடி கல், தாழ்வாரத்தில் பழைய சிவப்புத் தரை, அங்கே இரும்பு ஊஞ்சல் வைத்த துருத் தடம், ஆக்ஸாலிக் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

போடாதீர்கள் அம்மா. அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். துருவும் உங்கள் தரையின் நிறமும் நெருங்கிய சொந்தம். துருவை எடுக்கிற எதுவும் தரையின் சிவப்பையும் சேர்த்து எடுக்கப் பார்க்கும், ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு, மஞ்சள் பூக்களுக்கும் அதே ஆபத்து. சாதாரண சோப்புத் தண்ணீரில் துடைத்து, மேலாக ஒட்டியிருக்கும் துருப் பொடியை மரக்கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு சில துளி தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பாருங்கள். தடம் முழுதாகப் போகாது. ஆனால் சிவப்புக்குள் சிவப்பாக அடங்கிவிடும். அந்தத் தரையை இன்று அதே நேர்த்தியில் போட்டுத்தர ஆள் கிடைப்பது கடினம், ஒரு தடத்துக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

17 நவம்பர்

கறையை எடுக்கச் சொன்னேனே தவிர, திரும்ப வராமல் இருக்க எதுவும் சொல்லவில்லை. ஸ்டாண்ட் அங்கேயே இருந்தால் அடுத்த மழைக்குக் கறையும் அங்கேயே இருக்கும்.

காலுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பாதி வழிதான் அது. பூந்தொட்டி ஸ்டாண்டுகள் பெரும்பாலும் உள்ளே கூடான சதுரக் குழாயில் செய்தவை. வெளியே பெயிண்ட் அடிப்பார்கள், உள்ளே வெறும் இரும்பு. வெல்டிங் பொத்தல் வழியாகத் தொட்டித் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால் அடியில் தேங்கும். துரு உள்ளிருந்து வருகிறது. ரப்பர் புஷ் அந்தத் தண்ணீரைக் கிண்ணம் போலப் பிடித்து வைக்கும், கால் இன்னும் வேகமாக அரிக்கும். ஒருநாள் புஷ் கிழிந்தால் தேங்கிய துருநீர் முழுவதும் தளத்தில். ஆகவே காலின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் சின்ன ஓட்டை போட்டு, மேலே உள்ள வெல்டிங் பொத்தல்களை அடைத்து, அப்புறம் புஷ் மாட்டுங்கள். புஷ்ஷின் அடியிலும் ஒரு ஓட்டை வேண்டும்.

இரும்பு ஸ்டாண்டே வேண்டுமா என்றும் யோசியுங்கள். நாலு செங்கல்லும் ஒரு கல் பலகையும் அதே வேலையைச் செய்யும். என் வீட்டில் இப்போது அப்படித்தான். தொட்டிக்கடியில் காற்று போகிறது, கூட்டுவதற்கும் வசதி.

பெயிண்ட் அடிப்பதென்றால் துருவின் மேலேயே அடிப்பது வீண். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெளியே எடுத்துப் போய்ச் செய்யுங்கள், தூள் தளத்தில் விழக் கூடாது. ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட்டு, முழுக்கக் காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட்டு. விளிம்புகளில் பெயிண்ட் தானாக மெலிந்துவிடும். அங்கே மட்டும் கூடுதலாக ஒரு கோட்டு கொடுத்தால் பல வருடம் நிற்கும்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு எல்லோர் வீட்டு இரும்புக் கேட்டும் ஒரே நிறத்தில் அழுகிறது. இந்த இரண்டு நாளில் வந்த படங்களைப் பார்த்தேன்.

கறையின் வடிவத்தைப் பார்த்தாலே ஊற்று எது என்று தெரியும். ஒரு புள்ளியில் தொடங்கி வால் நீண்டால் மேலே எங்கோ போல்ட் அல்லது ஆணி. வட்டம் என்றால் கால் அல்லது டின். சிதறிய பொடிப்புள்ளி என்றால் மத்தாப்பு அல்லது கிரைண்டர் பொறி. கிரில் பொருத்த வருபவர்கள் தளத்திலேயே வைத்துக் கம்பியை அறுப்பார்கள், பொறி டைல்ஸில் ஒட்டிக் குளிர்ந்துவிடும். மறுநாள் எதுவும் தெரியாது. முதல் மழைக்குப் பிறகுதான் சண்டை வரும். வேலைக்கு முன் ஈரச் சாக்கு விரிக்கச் சொன்னால் போதும்.

தள்ளு கேட்டுகளின் அடியில் தளத்தில் பதித்திருக்கும் தண்டவாள ஆங்கிளில் மழைநீர் நிற்கிறது. ஒரு முனையைத் திறந்துவிட்டு வாட்டம் கொடுத்தால் நீர் ஓடிவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் மழை இல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை கேட்டை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழை இயற்கையாகக் கழுவிவிடுகிறது. கோடையில் படிகிற உப்பு அப்படியே நின்று ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

கடை ஆசிட் பற்றி ஒன்று விட்டுப்போனது. தளத்தில் ஊற்றும்போது எழுகிற புகை பக்கத்துக் கேட், கிரில், எவர்சில்வர் கைப்பிடி எல்லாவற்றிலும் படியும். தளம் கழுவிய சில நாளில் கைப்பிடி பழுப்பேறினால் காரணம் அதுதான்.

9 டிசம்பர்

தளத்தில் துருக்கறை என்று இன்னொருவர் படம் அனுப்பியிருக்கிறார். படத்தில் இருப்பது துருவே இல்லை, நண்பரே. மேலே நாட்டு வாதுமை மரம் தெரிகிறது. உதிர்ந்த இலை மழையில் ஊறி விட்ட கறை அது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். வெளுத்தால் இலை, வெளுக்காமல் நின்றாலோ அழுத்தமானாலோ துரு.

10 டிசம்பர்

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. அதே தளத்தில் நீலங்கலந்த கருப்பாகச் சில திட்டுகள் இருக்கிறதாம். அவை இரண்டும் சேர்ந்த இடம். இலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருப்பாகும். முன்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மை செய்தார்களே, அதே சங்கதி. உங்கள் வாசலில் இலையும் துருவும் சேர்ந்து மை காய்ச்சியிருக்கின்றன. பிளீச்சிங் பவுடர் இதற்கு உதவாது, ஆக்ஸாலிக் எடுத்துவிடும்.

14 ஜனவரி 2025

பொங்கலுக்கு வாசல் கழுவிக் கோலம் போட்டவர்களிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. இரும்பே இல்லாத இடத்தில், தண்ணீர் தெளிக்கிற பகுதி முழுக்க மஞ்சள் படிகிறது, ஏன்?

இரும்பு தண்ணீரில் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். குடிநீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை விழும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கண்ணாடி பாட்டிலில் நிரப்பி ஒரு இரவு திறந்து வையுங்கள். அடியில் பழுப்பு வண்டல் தங்கினால் சந்தேகமே வேண்டாம். இன்னும் எளிதாக, அந்தத் தண்ணீரில் கெட்டியான டீ டிகாக்‌ஷனை விட்டால் இரும்பு அதிகமுள்ள தண்ணீர் கருத்துவிடும். அளவு தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

வாசலுக்குத் தீர்வு எளிது. போர் தண்ணீரை நேராகத் தெளிக்காமல், தொட்டியில் உயரத்திலிருந்து ஷவர் மாதிரி விழச் செய்து காற்றோடு கலக்கவிடுங்கள். ஒரு இரவு தெளியவிட்டு, அடியிலிருந்து ஒரு சாண் மேலே வைத்த குழாயிலிருந்து எடுங்கள். துரு தளத்துக்கு வருவதற்குப் பதில் தொட்டி அடியிலேயே தங்கிவிடும். அவ்வப்போது தொட்டி வண்டலைக் கழுவ வேண்டும். இரும்பு மிக அதிகம் என்றால் மாங்கனீஸ் டை ஆக்சைடு ஊடகம் போட்ட வடிகட்டி தேவைப்படும். இந்தத் தண்ணீர் பிரச்சினை தீராமல் தளத்தைச் சுத்தம் செய்வதில் அர்த்தமில்லை, மறுநாள் காலைத் தெளிப்பிலேயே படிய ஆரம்பித்துவிடும்.

19 ஜனவரி

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு. எலுமிச்சை, ரோஜா இலை மஞ்சளானால் அன்னபேதி கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். செடிக்கு நல்லதுதான். ஆனால் அது இரும்புச் சல்பேட். தளத்தில் சொட்டிய இடமெல்லாம் சில மணி நேரத்தில் துருவாகும், அதுவும் கரைசலாக உள்ளே இறங்கிய துரு. தெளிக்கும்போது கீழே பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். சிந்தினால் உடனே, ஈரம் காய்வதற்குள், வெறும் தண்ணீர் ஊற்றினாலே போய்விடும். அரை நாள் விட்டீர்களானால் ஆக்ஸாலிக் தேட வேண்டும்.

8 பிப்ரவரி

எவர்சில்வர் கைப்பிடி போட்டோம், அதுவும் பழுக்கிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று ஒருவர். காந்தம் வைத்துப் பார்த்தாராம், ஒட்டவில்லையாம், அதனால் நல்ல சரக்குதான் என்றாராம் விற்றவர்.

காந்தச் சோதனை இதற்கு உதவாது. 304 ரகமும் ஒட்டாது, அதைவிட மலிவான 202 ரகமும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, அதற்குப் பதில் மாங்கனீஸ். ஊருக்குள் சமாளிக்கும், கடற்காற்றில் பழுக்கும். கடலுக்கு மிக அருகில் 304-கூட டீ கறை போலப் பழுப்பேறும், அங்கே மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். வாங்கும்போது பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். இப்போது இருப்பதை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தாலே பாதி குறையும்.

7 ஏப்ரல்

நேற்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்தாகிவிட்டது. இழையின் தலைப்பை விட்டு விலகுகிறேன் என்றாலும் எழுதத் தோன்றுகிறது. 1914-இல் திறந்த பழைய பாலம் நூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்றில் நின்றது. ஓயாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததால்தான் நின்றது. கடைசியில் துரு அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இரும்பு அரிப்பை ஆராயும் நிறுவனம், மண்டபத்தில் அதற்கென ஒரு கடலோரச் சோதனை நிலையமும் உண்டு. நம் ஊரிலேயே இவ்வளவு அறிவு இருக்க, வாசல் கேட்டுக்குத் துருவின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறவரிடம் நாம் ஏன் எதுவும் கேட்பதில்லை? பிரைமர் எத்தனை கோட்டு என்று கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

20 ஏப்ரல்

முதலில் கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். போர்ட்டிகோத் தளம் தெளிந்துவிட்டதாம். கடப்பா படியில் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு நிழல். அதை அப்படியே விடச் சொன்னேன். கூடவே போர்ட்டிகோவின் மேல்தளத்தில், அதாவது தலைக்கு மேலே, துருக் கறை இரண்டு இடத்தில் தெரிவதாகப் படம் அனுப்பியிருக்கிறார்.

இதை மற்ற கறைகளோடு சேர்க்கக் கூடாது. ஒரு இடத்தில் இருப்பது தனிப்புள்ளி. கான்கிரீட் போடும்போது கட்டுக்கம்பியின் நுனி, அடியில் தாங்குகிற சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும், அது துருப்பிடிக்கிறது. நுனியைக் கொத்தி வெட்டிவிட்டுப் பூசினால் போதும்.

இன்னொரு இடத்தில் கறை கோடாகப் போகிறது, கூடவே முடி அளவு வெடிப்பு. அது உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியின் பாதை. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிடாமல் காக்கும். கடல் உப்பும் காற்றில் உள்ள கரியமில வாயுவும் உள்ளே போகப் போக அந்தக் காப்பு போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தம் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கடற்காற்று நேராகப் படுகிற இடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. பல வீடுகளில் அதில் பாதிகூட இருப்பதில்லை.

சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. பொத்தலான சத்தம் வந்தால் கட்டடப் பொறியாளரை இந்த மாதத்திலேயே வரவழையுங்கள். பூச்சு உரித்து, கம்பியைத் துரு நீங்கச் சுரண்டி, தேவைப்பட்டால் கூடுதல் கம்பி கட்டி, அப்புறம்தான் மூட வேண்டும். அதுவரை அந்த இடத்துக்கு அடியில் காரையும் நிறுத்தாதீர்கள், நாற்காலியும் போடாதீர்கள். வெள்ளையடித்து மறைக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.